புள்ளி போனா பேரே போச்சு

மக்களே, ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. வெளியில மழை. அதனால இன்னிக்கு ஒரு சின்ன மேட்டரைப் பத்திப் பெரிசாப் பேசலாம்னு உக்காந்துட்டேன். நிஜமாவே சின்னதுதான். அகலம் 500 புள்ளி, உயரம் 120 புள்ளி. நாம எடுத்த போட்டோ மூலையிலயோ, மெயிலோட கடைசியிலயோ, எழுதினதுக்குக் கீழயோ ஒட்டிக்கிற பெயர்ப் படம். கையெழுத்துக்குப் பதிலா ஒரு படம். போட்டோஷாப் கையில கிடைச்சதும் நம்மள்ல பாதிப் பேர் முதல்ல செஞ்சு பார்த்தது இதுவாத்தான் இருக்கும்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பெயர்ப் படம் சின்னதா இருக்கணும், சொந்தமா இருக்கணும், அதுல இருக்கிற தமிழ் பிழையில்லாம இருக்கணும். இந்த மூணும் இல்லைன்னா வெறுமனே பேரை டைப் அடிச்சுட்டுப் போயிடலாம். அதுல ஒரு கேவலமும் இல்லை.

"ஒரு துக்கடா படத்துக்கு இவ்ளோ சட்டமா?"ன்னு நீங்க கேக்கறது புரியுது. பொறுங்க, வரேன்.

படத்துல பேரைப் பொறிக்கிற பழக்கம் கம்ப்யூட்டரோட வந்ததில்லை. சாமுவேல் போர்ன்னு ஒரு வெள்ளைக்காரர் 1863ல இந்தியா வந்து, இமயமலை தொடங்கி நம்ம ஊட்டி வரைக்கும் படம் எடுத்தவர். அப்போ ஃபிலிமே கிடையாது, கண்ணாடித் தகடுதான் நெகட்டிவ். அந்தத் தகட்டோட ஓரத்துல தன் பேரையும் ஒரு எண்ணையும் பொடி எழுத்துல எழுதிடுவார். அதனால பிரிண்ட் போடும்போது ஒவ்வொரு காப்பியிலும் அந்தப் பேரும் சேர்ந்தே விழும். 150 வருஷம் தாண்டியும் படம் யாரோடதுன்னு அந்தப் பொடி எழுத்துதான் சொல்லுது. அதுல பளபளப்பும் கிடையாது, நிழலும் கிடையாது, நெருப்பு எஃபெக்டும் கிடையாது. பேர், எண், அவ்வளவுதான்.

படம் எடுக்கிற ஃபிலிமையே தயாரிச்ச மலைங்க இது. 1960ல தொடங்கின ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டி பக்கத்துல இந்து நகர்ல 1967ல இருந்து ஃபிலிம் போட்டுச்சு. 'இந்து'ங்கிற பேர்ல வந்த ஃபிலிமும் எக்ஸ்ரே ஷீட்டும் வயசான ஸ்டுடியோக்காரங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். இப்போ அந்த ஆலை ஓட்டம் நின்னு போச்சு. அந்தக் காலத்து ஸ்டுடியோவுல டச்சிங்னா, நெகட்டிவ் மேல கூர் சீவின பென்சிலால முகத்துல இருக்கிற பள்ளம், தழும்பை எல்லாம் மெதுவா நிரப்பறது. ஒரு முகத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகும். முடிச்சு வெளிய வரும்போது கல்யாணப் பொண்ணு கல்யாணப் பொண்ணாவே இருப்பா. ரொம்ப அழுத்திட்டா பொம்மை ஆயிடுவா. எங்க நிறுத்தணும்னு தெரியறதுதான் அந்தத் தொழிலோட சூட்சுமம்.

போட்டோஷாப் வந்ததும் நமக்கு இந்த நிறுத்தற புத்திதான் முதல்ல போச்சு. தாமஸ் நோல், ஜான் நோல்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆரம்பிச்சு வெச்ச அந்த மென்பொருளோட முதல் வெர்ஷன் 1990ல வெளிவந்தது. அதுல லேயர் ஸ்டைல்னு ஒரு பொட்டி பின்னாடி வந்து சேர்ந்துச்சு. டிராப் ஷேடோ, பெவல், அவுட்டர் க்ளோ எல்லாம் ஒரே கிளிக்ல விழும். விளைவு? பேருக்கு நிழல், நிழலுக்கு ஒளி, பின்னாடி கழுகு, முன்னாடி ரோஜா, ஓரத்துல மின்னல். ஜிஃப்ல அசைஞ்சா இன்னும் விசேஷம். ஜிஃப் ஃபைலுக்கு ஒரு ஃபிரேம்ல 256 கலர்தான் லிமிட். நீல வானத்தை அதுல அடைச்சா, வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா நிக்கும். ஹிஹி, பார்த்திருப்பீங்க.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். குன்னூர்ல கேமராவைத் தூக்கினா எந்தப் பக்கம் திருப்பினாலும் தேயிலை. ஆனா பெயர்ப் படம் செய்யணும்னு உக்காந்தா, பக்கத்துல இருக்கிற சரிவை விட்டுட்டு, தேடுபொறியில 'டீ எஸ்டேட்'னு அடிச்சு முதல்ல வர்ற படத்தை வெட்டிக்கிறோம். அது மூணாறா இருக்கும், நுவரெலியாவா இருக்கும், சைனாவாக்கூட இருக்கும். "எல்லாம் பச்சைதானே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கதை சொல்றேன்.

எங்க தெருவுக்கு மேல இருக்கிற ஒரு அண்ணன் சிறு விவசாயி. கொஞ்சம் தேயிலை வெச்சிருக்கார். பறிக்கிற பச்சை இலையை எல்லாம் ஃபேக்டரிக்குக் கொடுத்தது போக, கொஞ்சத்தை வீட்டுலயே கையால உருட்டிக் காய வெச்சு, தெரிஞ்சவங்களுக்கு விக்க ஆரம்பிச்சார். பாக்கெட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் வேணும். கீழ டவுன்ல ஒரு இடத்துல சொல்லி 500 ஸ்டிக்கர் அடிச்சுட்டு வந்தார். வந்து என் கையில ஒண்ணைக் கொடுத்து, "தம்பி, நல்லா இருக்கா பாரு"ன்னார்.

படத்துல ஏதோ ஒரு ஊர்த் தேயிலை, மொட்டைச் சரிவு. நம்ம தோட்டத்துல வரிசையா நிக்குமே சில்வர் ஓக், அதுல ஒரு மரம்கூட இல்லை. பச்சையை ஏத்தி ஏத்தி, பிளாஸ்டிக் தோரணம் கலர்ல இருந்துச்சு. அதுகூடப் பரவாயில்லை. 'குன்னூர்'ங்கிற இடத்துல 'குனனூர'ன்னு இருக்கு. மூணு மி.மீ. உயர எழுத்து, அதுக்குத் தடிமன் ஏத்தி, நிழல் போட்டு, ஜேபெக்கா சேமிச்சிருக்காங்க. ரெண்டு புள்ளியும் காலி. 'தேயிலை'யில இருக்கிற இரட்டைக்கொம்பு 'த'வுக்குப் பின்னாடி போய் நிக்குது.

"என்ன அண்ணா, ஊர் பேரே போச்சே"ன்னேன்.

"நானும் பார்த்தேன் தம்பி. கேட்டதுக்கு, கம்ப்யூட்டர்ல தமிழ் அப்படித்தான் வரும்னு சொல்லிட்டாங்க. கோயமுத்தூர்ல ஒரு அம்மா பாக்கெட்டைப் பார்த்துட்டு, இது உங்க தோட்டமா, இல்ல வாங்கி விக்கறீங்களான்னு கேட்டுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு"ன்னார்.

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். தன் தோட்டத்து இலையைத் தன் கையால உருட்டி விக்கிற மனுஷன், ஊரான் தோட்டத்துப் படத்தையும் தப்புத் தமிழையும் ஒட்டினா, அசல் சரக்கே போலியாத் தெரியும். பெயர்ப் படத்தோட வேலையே "இது என்னுது"ன்னு சொல்றது. அந்த ஒரு வேலையைச் செய்யலைன்னா வேற எதுக்கு அது?

நமக்கும் அதே கணக்குதான். நாம டீத்தூள் விக்கலை, எழுத்தும் படமும்தான் விக்காமக் கொடுத்துட்டு இருக்கோம் :-) ஆனா கீழ ஒட்டற பேர் நம்ம பேர்.

"கம்ப்யூட்டர்ல தமிழ் அப்படித்தான் வரும்" — இந்த ஒரு வரியைக் கேட்டாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்படி வராது. வர வைக்கத் தெரியலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். விஷயம் இதுதான். யுனிகோடுல 'தே'ன்னு அடிச்சா, கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள முதல்ல 'த'வையும் அதுக்கப்புறம் இரட்டைக்கொம்பையும் வெச்சுக்கும். திரையில காட்டும்போது கொம்பை முன்னாடி தள்ளணும். 'கோ'ன்னா இன்னும் வேலை. ஒரு குறியை ரெண்டாப் பிரிச்சு, கொம்பை முன்னாடியும் துணைக்காலைப் பின்னாடியும் வைக்கணும். இந்த அடுக்கற வேலை தெரியாத மென்பொருள்ல ஒட்டினா எழுத்து கந்தலாத்தான் வரும். பழைய போட்டோஷாப்புகள்ல இதுதான் நடந்துச்சு. அதனாலதான் நம்மாளுங்க பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினாங்க. அதுல கொம்பு தனி எழுத்து, கண்ணுக்குத் தெரியற வரிசையிலயே அடிக்கலாம். அன்னிக்கு அது தேவைப்பட்டுச்சு, குத்தம் சொல்லலை.

ஆனா தமிழ்நாடு அரசே 2010ல யுனிகோடை ஏத்துக்கிட்டாச்சு. போட்டோஷாப்பும் மாறியாச்சு. தென்னாசிய எழுத்துகளுக்கான வசதி அதுல வந்தாச்சு, கொம்பு ஒழுங்கா வந்து உக்காரும். காசு கொடுக்க மனசில்லையா, ஜிம்ப் இருக்கு. பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் ஆரம்பிச்சது, 1996ல இருந்து இலவசம். 2004ல வந்த 2.0 வெர்ஷன்ல இருந்து எழுத்தை அடுக்க 'பாங்கோ'ங்கிற நூலகத்தை வெச்சிருக்கு, தமிழைக் கந்தலாக்காது.

எந்த மென்பொருளா இருந்தாலும் நான் வெக்கிற பரீட்சை ஒண்ணு இருக்கு. நம்ம மலை ரயில் போற வழியில இருக்கிற பேர்களை அடிச்சுப் பாருங்க: மேட்டுப்பாளையம், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், கேத்தி, லவ்டேல். கூடவே கோத்தகிரி, கொலக்கம்பை ரெண்டையும் சேர்த்துக்கோங்க. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாம் இதுல வந்துடும். எட்டும் சரியா வந்தா உங்க பேரும் பெரும்பாலும் சரியா வரும். 1899ல குன்னூர் வரைக்கும் வந்த ரயில், 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது, இன்னிக்குத் தமிழ் எழுத்துக்கும் உதவுது பாருங்க :-)

அடுத்தது அளவு. 500க்கு 120ன்னா மொத்தம் 60,000 புள்ளி. நிறைய இருக்கிற மாதிரி தோணும். ஆனா தமிழ் எழுத்து இடம் கேக்கும். 'கி'க்கு மேல வளைவு, 'கு'க்குக் கீழ வால், 'க்'குக்குத் தலையில புள்ளி. ஆங்கிலத்துல 12 புள்ளி உயரத்துல தெளிவாத் தெரியற பேர், தமிழ்ல அதே உயரத்துல 'ண', 'ன' வித்தியாசமே தெரியாமப் போயிடும். பேருக்கு 30 புள்ளிக்குக் குறையாம உயரம் கொடுங்க. சின்ன வரி ஏதாவது இருந்தா 20. அதுக்கும் கம்மின்னா அந்த வரியையே தூக்கிடுங்க. மென்பொருளே செயற்கையாத் தடிமன் ஏத்தற பட்டனைத் தொடாதீங்க, புள்ளி எழுத்தோட ஒட்டிக்கும். எழுத்துக்கு நடுவுல இடைவெளியை இழுக்காதீங்க, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா விவாகரத்து வாங்கிடும்.

சேமிக்கும்போதும் கவனம். ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களா வெட்டி, நுணுக்கத்தைக் குறைச்சு சேமிக்கும். மேகத்துக்கு அது போதும், புள்ளி வெச்ச எழுத்துக்கு ஆபத்து. எழுத்து இருக்கிற படத்தை பிஎன்ஜியா சேமிங்க, எதுவும் கரையாது. இப்போதைய போன் திரைகளுக்கு 1000க்கு 240ல செஞ்சு, பாதி அளவுல காட்டினா இன்னும் சுத்தமா இருக்கும். லேயரோட இருக்கிற மூல ஃபைலையும் பத்திரப்படுத்துங்க. நாளைக்கு ஒரு எழுத்தை மாத்தணும்னா ஆரம்பத்துல இருந்து வரைய வேண்டாம்.

அண்ணன் கதைக்கு வரேன். அவர் பொண்ணு காலேஜ் படிக்குது. "பாப்பா, உங்க சரிவுல காலையில ஒரு படம் எடுத்துட்டு வா, வேற ஒண்ணும் வேண்டாம்"னு சொன்னேன். போன்லதான் எடுத்துச்சு. கீழ் பாதியில தேயிலை, நடுவுல மூணு சில்வர் ஓக், மேல் பாதி முழுக்க மூடுபனி. "பனி மறைச்சிருச்சு, அங்கிள்"னு வருத்தமாச் சொல்லுச்சு. அந்தப் பனியாலதான் எனக்கு வேலையே சுலபமாச்சு. குன்னூர்க்காரங்களுக்கு இயற்கை கொடுத்த காலி இடம் அது. பேர் எழுத அதைவிட நல்ல தாள் கிடையாது.

பனி மேல வெள்ளை எழுத்து போட்டா காணாமப் போயிடும். அதனால ஐட்ராப்பரை எடுத்து, அதே படத்துல இருக்கிற முத்தின இலையோட கரும்பச்சையைத் தொட்டு, அந்தக் கலர்லயே பேர். நிழல் தேவைப்படலை. எழுத்துருவுக்கு, இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் வடிவமைச்ச 'கவிவனர்' எடுத்துக்கிட்டேன். கையால எழுதின சாயல் இருக்கும், உரிமமும் திறந்த உரிமம், ஸ்டிக்கர்ல தாராளமாப் போடலாம். பச்சையை நான் ஏத்தவே இல்லை. கொழுந்து இளமஞ்சள் பச்சை, முத்தின இலை கரும்பச்சை. ரெண்டும் வேற வேறயாத் தெரிஞ்சாத்தான் தேயிலை தெரிஞ்ச கண்ணுக்கு அது தேயிலை. சாச்சுரேஷனை இழுத்துவிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்.

அண்ணன் ஒண்ணு கேட்டார்: "தம்பி, நீலகிரி டீக்கு ஒரு முத்திரை உண்டே, அதையும் மூலையில போட்டுடேன்." நான் மாட்டேன்னுட்டேன். அந்த 'நீலகிரி ஆர்த்தடாக்ஸ்' முத்திரை 2008ல புவிசார் குறியீடாப் பதிவானது, தேயிலை வாரியத்துக்குச் சொந்தமானது. முறையா அனுமதி வாங்கினவங்கதான் போடலாம். வெட்டி ஒட்ட அஞ்சு நிமிஷம் போதும், ஆனா அது அடுத்தவங்க கையெழுத்தை நாம போடற மாதிரி.

இதே காரணத்துக்காக தோடர் பூவேலையை பார்டரா வெட்டி ஒட்டறதும் எனக்குப் பிடிக்காது. வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா, மாதிரி எதுவும் வரைஞ்சு வெச்சுக்காம, இழையை எண்ணி எண்ணித் தோடப் பெண்கள் போடற வேலை அது. 2013ல அதுக்கும் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. யோசிச்சுப் பார்த்தா நாம திரையில புள்ளி எண்ணறதுக்கு முன்னாடியே அவங்க துணியில எண்ணிட்டாங்க. அந்த உழைப்பை ரைட் கிளிக் பண்ணி எடுத்து, நம்ம பேருக்குக் கீழ விரிச்சு வெக்கிறது எனக்குச் சரியாப் படலை. பிடிச்சிருந்தா சால்வையைக் காசு கொடுத்து வாங்குங்க, போர்த்திக்கிட்டுப் படம் எடுத்துப் போடுங்க, யார் செஞ்சதுன்னும் எழுதுங்க.

போட்டோவுக்கும் இதேதான். 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, படத்துக்கு ஆசிரியர் அதை எடுத்தவர். 2012 திருத்தத்துக்கு அப்புறம், அவர் ஆயுசுக்கும் அதுக்கு மேல 60 வருஷத்துக்கும் உரிமை உண்டு. "கூகுள்ல கிடைச்சது"ங்கிறது அனுமதி ஆகாது. அதுலயும் அடுத்தவன் படத்தை எடுத்து, அது மேல 'என் பேர்'னு எழுதறது இருக்கே... சரி விடுங்க.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன். "ரெடிமேட் டெம்ப்ளேட் ஆயிரம் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை"ம்பாங்க. உண்மைதான், நேரமில்லாதவங்க எடுத்துக்கட்டும். படத்தை மட்டுமாவது உங்களுதா மாத்திக்கோங்க. "இப்போ ஏஐகிட்ட சொன்னா அதுவே வரைஞ்சு கொடுக்குதே"ம்பாங்க. கொடுக்கும். ஆனா தமிழ்ல பேர் எழுதச் சொன்னா பல சமயம் தமிழ் மாதிரியே இருக்கிற, ஆனா தமிழில்லாத எதையோ எழுதிக் கொடுக்கும். அதைவிட முக்கியம், அது வரைஞ்சு தர்ற குன்னூர்ல யாரும் குடியிருக்கலை. அண்ணனோட மூணு சில்வர் ஓக் அதுக்குத் தெரியாது.

கடைசியா ஒண்ணு. பெயர்ப் படம் போட்டாலும் பக்கத்துல எழுத்தாவும் பேரை எழுதிடுங்க, இல்லைன்னா படத்தோட மாற்று உரையிலயாவது கொடுங்க. பார்வையில்லாத நண்பர்கள் திரைவாசிப்பான் வெச்சுத்தான் படிக்கிறாங்க. அவங்களுக்கு உங்க மேகமும் தெரியாது, எழுத்துருவும் தெரியாது, வெறும் 'படம்'னு மட்டும் கேக்கும். அவ்வளவு பாடுபட்டு சரியா வெச்ச புள்ளி அவங்க காதுக்கும் போய்ச் சேரட்டுமே.

அண்ணனோட புது ஸ்டிக்கர் வந்தாச்சு. முதல்ல 100தான் அடிச்சார், உஷார் பார்ட்டி. பழைய 500ல மிச்சம் இருந்ததை என்ன பண்ணினார்னு கேட்டேன். "பின்பக்கம் வெள்ளையா இருக்கே தம்பி, பால் கணக்கு எழுதறேன்"னார்.

டிஸ்கி: பளபளா கழுகு, மின்னல், ரோஜா வெச்சிருக்கிற நண்பர்கள் கோச்சுக்காதீங்க. கழுகு இருந்துட்டுப் போகட்டும், பேர்ல புள்ளி இருக்கான்னு மட்டும் ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்த்துடுங்க :-)